மூன்றாவது பெட்டி

அந்த வீட்டில் எல்லாப் பொருள்களும் கெட்டுப்போயிருந்தன. வாசல் மணி அடிப்பதில்லை. குக்கரில் விசில் வருவதில்லை. டிவியில் செய்தி வாசிக்கும் பெண் வாய்க்குள்ளேயே பேசினாள். வீட்டுக்காரரான பிரஸ்காரர் அப்படித்தான் சொன்னார். மணியை இரண்டு தடவை மாற்றினார். குக்கருக்குப் புது வெயிட் வாங்கினார். செய்தி வாசிப்பவளை மாற்ற வழியில்லாததால் அவளைத் திட்டினார்.

அவர் மனைவி எதுவும் சொல்லவில்லை. மணி அடித்தால் கதவைத் திறந்தாள். விசில் வந்தால் அடுப்பை அணைத்தாள்.

வண்டிகளுக்குச் சக்கர மூடி செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. பிரஸ் ஷாப். தகட்டை அச்சின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்து மிதியை அழுத்த வேண்டும். மேலிருந்து எடை இறங்கும். தரை ஒருமுறை எழுந்து உட்காரும். தகடு மூடியாகிவிடும். அப்புறம் அடுத்த தகடு. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பிரஸ்கள் நின்றன. அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலைக் காட்டுவார்கள். மேலாளர் வருகிறார் என்றால் சட்டைக் காலரைத் தொடுவார்கள். நிர்வாகம் காதில் வைக்க அடைப்பான் கொடுத்தது. ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை. எடை இறங்கும் சத்தம்தான் எங்களுக்குக் கண், காதை அடைத்தால் விரல் போய்விடும் என்றார்கள். எல்லோருக்கும் விரல்கள் இருந்தன. அதில் அவர்களுக்குப் பெருமை.

பிரஸ்காரருக்கு ஒரே ஒரு சுகம். முன்னறைச் சுவரை அடைத்துக்கொண்டு இசைத்தட்டுகள் நின்றன. ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு ஈரத்தலையோடு நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார். தட்டை ஓரங்களில் மட்டும் பிடிப்பார். மனைவியின் கையை அவர் அப்படிப் பிடித்து யாரும் பார்த்ததில்லை. அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது குறுக்கே போகக் கூடாது. பாத்திரம் கழுவக் கூடாது. அவள் அந்த நேரத்தில் சமையலறையில் உட்கார்ந்து, சத்தம் வராத வேலையாகப் பார்த்துச் செய்வாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் மின்சாரம் எகிறியதில் பழைய ஆம்ப்ளிஃபயர் கருகிப்போனது. புதிது வாங்கினார். பளபளவென்று இருந்தது. பின்பக்கம் ரெக்கார்டு பிளேயரைச் செருக இடம் இல்லை. இருந்த துளையில் செருகிப் பார்த்தார். பாடகி கிணற்றுக்குள் விழுந்த கொசுவைப் போலப் பாடினாள்.

நகரத்தில் பெரிய கடைக்குப் போய்க் கேட்டார். நடுவில் போனோ ப்ரீஆம்ப் என்று ஒரு பெட்டி வேண்டும் என்றார்கள். விலை சொன்னார்கள். பெட்டிக்குச் சொல்கிறீர்களா, கடைக்குச் சொல்கிறீர்களா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

மனைவியின் தம்பி தொழிற்சாலைத் தெருவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். ஒரு மேசை, ஒரு விளக்கு, எப்போதும் கொஞ்சம் ஈயப்புகை. வருகிறவர்கள் எல்லாம் தொழிற்சாலை ஆட்கள். அந்தத் தெருவில் ஒரு ஷிஃப்டு முகம் சுளித்தால் அடுத்த ஷிஃப்டும் வராது. பிரஸ்காரருக்கு அவனை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. கல்யாணத்தன்று மைக் செட் இரைந்தது காரணம். அந்த மைக் செட்டை அவன் போடவே இல்லை. அதை அவரிடம் எத்தனை பேர் சொல்லியும் ஏறவில்லை.

அக்கா கேட்டாள் என்பதற்காக அவன் ஒப்புக்கொண்டான். கட்டுப்படியாகிற விலையில் நல்லதாக ஒன்று தேடித் தருகிறேன் என்றான். விளக்கமும் சொன்னான். தட்டில் பாட்டைப் பதியும்போது கனத்த சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள், இல்லையென்றால் ஊசி துள்ளும். மெல்லிய, கூரான சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள், இல்லையென்றால் தட்டின் இரைச்சல் அதை மூடிவிடும். கேட்கும்போது அந்தப் பெட்டி இதைத் தலைகீழாக்க வேண்டும். கனத்ததைக் கூட்ட வேண்டும், கூரானதைக் குறைக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

"அவ்வளவுதான்னா எதுக்குடா அந்த விலை?" என்றார் பிரஸ்காரர்.

"அதான் மாமா, தேடணும்னு சொல்றேன்."

"தேடு. ஆனா என் தலையில மிளகா அரைக்கலாம்னு நினைக்காத."

முதல் பெட்டி யாரோ விற்றுவிட்டுப் போன பழைய சாமான். சொந்தக்காரர்தானே, இப்போதைக்கு ஓடட்டும் என்று கொண்டுவந்து வைத்தான். பாட்டுக்கு அடியில் ஒரு உறுமல் ஓடிக்கொண்டே இருந்தது. எர்த் வயரை மாற்றி மாற்றிக் கட்டினான். போகவில்லை. உறுமல் பிரஸ்காரருக்கு நன்றாகவே கேட்டது.

"பாட்டு கேக்கச் சொன்னா லாரியை ஏன்டா வீட்டுக்குள்ள நிறுத்துற?"

தப்பு தன்னுடையதுதான் என்று அவன் ஒத்துக்கொண்டு எடுத்துப்போனான். பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டான். ஒருமுறை ஒத்துக்கொண்டதை அவர் விடவே இல்லை.

இரண்டாவதை அவன் கையாலேயே செய்தான். நல்ல சாமான்களாகப் பொறுக்கி வாங்கினான். ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்து அளந்தான். வெளி இரைச்சல் உள்ளே வராமலிருக்க எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடக்கினான். கடை வேலைகள் தள்ளிப்போயின. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து மாட்டினான்.

அக்கா அப்போது மேசையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வாரம் முழுக்கத் தேய்ப்பதுதான் அவள் வேலை. வீட்டில் அதையே செய்யும்போது கை தானாக நடக்கும். ஊசி தட்டில் இறங்கியது. உறுமல் இல்லை. அறையில் எதுவும் இல்லாதது போல இருந்தது. பாடகி பாடுவதற்கு முன் மூச்சை இழுத்தாள். அது கேட்டது. பின்னால் யாரோ சின்னத் தாளம் ஒன்றைத் தட்டினார்கள். தட்டிய பிறகு அது கரைந்து போவதும் கேட்டது. அக்காவின் கை நின்றது. தலையணை உறை பொசுங்கும் வாடை வந்த பிறகுதான் சலவைப் பெட்டியைத் தூக்கினாள். தம்பி அதைப் பார்த்தான். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

பிரஸ்காரர் ஒரு பக்கம் முழுவதும் கேட்டார். தட்டைத் திருப்பவில்லை.

"போர்வைக்குள்ள இருந்து பாடுறா" என்றார்.

அவன் சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தான்.

"என்னடா சிரிப்பு? தாளம் எங்க? இந்தப் பாட்டுல தாளம் உண்டு. எனக்குத் தெரியாதா? வார்த்தை எல்லாம் மழுங்கிப்போய் இருக்கு. நல்லதை உருவிட்டு மட்டமான சாமானை உள்ள போட்டிருக்க."

"மாமா, இப்ப அடிச்சுதே தாளம்."

"அடிச்சா எனக்குக் கேக்காதா?"

அக்கா சலவைப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு பிரஸ்காரர் சாட்சிக்கு ஆள் கூட்டிவந்தார். பிரஸ் ஷாப்பில் அவரோடு வரிசையில் நிற்பவர்கள் நான்கு பேர். அவர்களில் மூத்தவரை எல்லோரும் மேஸ்திரி என்றார்கள். மச்சினனையும் வரச் சொல்லியிருந்தார். அவன் கதவோரம் நின்றான். யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஐந்து பேரும் கோவிலில் உட்காருவதைப் போல உட்கார்ந்து ஒரு பாட்டு முழுதாகக் கேட்டார்கள். முடிந்ததும் மேஸ்திரி தலையை மெல்ல ஆட்டினார். மங்கல் என்றார். இன்னொருவர், ஜன்னலைச் சாத்திவிட்டுப் பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பதைப் போல இருக்கிறது என்றார். மற்ற இருவரும் அதையே வேறு சொற்களில் சொன்னார்கள். ஒருவர் சொன்னதில் இன்னொருவருக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிரஸ்காரர் மச்சினனைப் பார்த்தார்.

"அஞ்சு பேருக்கும் காது கெட்டுப்போச்சா?"

 நீங்கள் எல்லோரும் ஒருமுறை அக்காவையும் கேளுங்கள் என்று மட்டும் அவன் சொன்னான். அவளுக்கு என்ன தெரியும் என்றார் பிரஸ்காரர். தம்பி செய்தது என்றால் தகர டப்பாவும் தங்கமாகத்தான் தெரியும் என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பேச்சு கேன்டீனுக்குப் போனது. சொந்த அக்கா புருஷனையே ஏமாற்றுகிறவன் நம்மை விடுவானா என்றார்கள். வாரக் கடைசிக்குள் பேச்சு வளர்ந்துவிட்டது. நம் ரேடியோவில் இருக்கும் நல்ல சாமானை உருவி வேறு ரேடியோவில் போட்டு விற்கிறான் என்றார்கள். ஆட்கள் கடைக்கு வந்து பாதியில் கிடந்த ரேடியோக்களைக் கேட்டு வாங்கிப்போனார்கள். ஒருவர் அங்கேயே திருப்புளியைக் கொண்டுவரச் சொல்லிப் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே எண்ணினார். என்ன எண்ணினார் என்று அவருக்கே தெரியாது. மேசை காலியானது. விளக்கு மட்டும் எரிந்தது.

இரண்டாவது பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவன் ஒரு மாலை அக்கா வீட்டுக்குப் போனான். மணியை அழுத்தினான். உள்ளே மணி அடித்தது. மெல்லிய, கூரான மணி. கதவு திறக்கவில்லை. மறுபடி அழுத்தினான். பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். மணிக்கு நேர் கீழே நாற்காலி போட்டுப் பிரஸ்காரர் தட்டு ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் கையை வாசல் பக்கம் நீட்டி மணியை அழுத்தியபடியே அவர் முகத்தைப் பார்த்தான். மணி விடாமல் அடித்தது. அவர் தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, ஊதி, மறுபடி துடைத்தார்.

நிழல் பட்டுத்தான் நிமிர்ந்தார்.

"ஏன்டா திருடன் மாதிரி ஜன்னல்ல நிக்கிற? மணி எதுக்கு இருக்கு?"

"அடிச்சேன் மாமா."

"கிழிச்ச. அது உன் கடையில வாங்கின மணிதானே. பின்ன எப்படி அடிக்கும்?"

பெட்டியைத் தூக்கி அவன் கையில் திணித்தார். இனிமேல் இந்த வாசல் படியை மிதிக்க வேண்டாம், அவளும் அங்கே வரமாட்டாள் என்றார். அக்கா சமையலறைக் கதவில் நின்றிருந்தாள். மணிச் சத்தம் கேட்டு வந்தவள். தம்பி அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

மறுநாள் அவன் மருத்துவமனையின் பின்பக்கம் போனான். சலவைப் பிரிவின் ஆவி ஜன்னல்கள் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. அக்கா நனைந்த ரவிக்கையோடு வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தாள். அவள் விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன.

"அவருக்குக் காது போச்சுக்கா. கூர்ச் சத்தம் எதுவும் விழல."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முத மணியை மாத்தினாரே, அப்பலேர்ந்து."

"தெரிஞ்சுமா அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்த? நாலு பேர் முன்னாடி என்னைத் திருடனாக்கினாரு."

 அவள் அவனுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். வருடம் ஒருமுறை காதைச் சோதிக்கத் தொழிற்சாலைக்கு ஒரு நர்ஸ் வருவாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டுவாள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பிரஸ் ஷாப் ஆட்கள் சத்தத்துக்குக் காத்திருப்பதில்லை. கண்ணாடி வழியாக நர்ஸின் மணிக்கட்டைப் பார்ப்பார்கள். மணிக்கட்டு அசைந்தால் அழுத்துவார்கள். புதிதாகச் சேருகிறவனுக்குத் தகட்டைப் பிடிக்கக் கற்றுத்தரும்போதே இதையும் கற்றுத்தருவார்கள். கேட்டால், அந்த மிஷின் ஓட்டை, அதை நம்பி வேலையை விட முடியுமா என்பார்கள். எல்லோரும் அப்படித்தான். மேஸ்திரியும் அப்படித்தான்.

ஒருவன் மட்டும் மாட்டினான். சோதனை நாளில் அவனுக்குக் கண் வலி. இமை வீங்கிப்போயிருந்தது. மணிக்கட்டு தெரியவில்லை. அவனைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து வாசல் கேட்டில் உட்காரவைத்தார்கள். வண்டி வந்தால் கம்பைத் தூக்க வேண்டும். அன்றிலிருந்து பிரஸ் ஷாப் ஆட்கள் கேட்டைத் தாண்டும்போது அவனைப் பார்த்துச் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பார்கள். அவர்கள் ஏதோ விசாரித்ததாக அவன் நினைத்துக்கொண்டு, நல்லா இருக்கேண்ணே என்பான். உள்ளே போய்ச் சிரிப்பார்கள்.

"அந்தக் கேலியை ஆரம்பிச்சு வச்சது யார் தெரியுமா?" என்றாள் அக்கா.

அவன் தெரியாது என்று தலையாட்டினான்.

"அவர்தான். வீட்டுக்கு வந்து எனக்கு நடிச்சுக் காட்டினாரு. இப்ப அவர்கிட்ட போய் காது போச்சுன்னு சொல்லச் சொல்றியா? கொன்னுடுவாரு. இல்ல செத்துடுவாரு."

"அப்ப என் கடை போனாப் பரவாயில்ல."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்ன? ஊரெல்லாம் என்னைத் திருடன்னு சொல்லுது. உன் புருஷன் கேட்டுல உக்காரக் கூடாதுன்னு நான் நடுத்தெருவுல உக்காரணும்."

உள்ளே மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டார். அவள் எழவில்லை. அவன் தரையில் கிடந்த ஒரு கம்பித் துண்டை எடுத்து வளைத்துக்கொண்டிருந்தான். வளைத்ததை நிமிர்த்தினான்.

"அந்தப் பெட்டியில ரெண்டு கண்டென்சர் இருக்கு. கூர்ச் சத்தத்தைக் குறைக்கிறதுக்கு. அதைக் கழட்டிடப் போறேன்."

"கழட்டினா?"

"தட்டுல கூட்டி வச்ச கூர் அப்படியே வெளிய வரும். காதுல ஊசி ஏத்தின மாதிரி இருக்கும். மனுஷன் கேக்க முடியாது."

"அவரால?"

"அவருக்கு அதான் அளவாக் கேக்கும்."

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"நல்லாப் பண்ணியிருந்தடா அதை" என்றாள். பிறகு எழுந்தாள். "ஞாயித்துக்கிழமை கொண்டு வா. அந்த நாலு பேரும் இருக்கும்போது வா. வாசல்ல நான் நிக்கிறேன்."

அவன் கடைக்குப் போய் பிஸ்கட் டின்னைத் திறந்தான். அவன் வைத்த ஈயப் பற்றுகள் ஒவ்வொன்றும் சுத்தமாகப் பளபளத்தன. கண்டென்சர்களை வெட்டி எறிந்திருக்கலாம். அவன் ஈயத்தை உருக்கி, ஒழுங்காகக் கழற்றி, ஒரு காகிதத்தில் மடித்து மேசைக்குள் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் இருந்தார்கள். அக்காதான் எல்லோரையும் வரவழைத்திருந்தாள். தம்பி தப்பை உணர்ந்துவிட்டான், புதுப் பெட்டி கொண்டுவருகிறான், நீங்களே வந்து தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கணவனிடம் சொல்லியிருந்தாள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருந்தாள். தீர்ப்பு என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது.

அவன் யாரையும் பார்க்காமல் முட்டி போட்டு உட்கார்ந்து ஒயர்களை மாட்டினான். அதே டின்தானே என்றார் ஒருவர். உள்ளே வேறு என்றான். ஊசியை இறக்கிவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

பாட்டு தகரத்தைக் கிழித்துக்கொண்டு வருவதைப் போல வந்தது. பாடகியின் மூச்சு சீறியது. சின்னத் தாளம் ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணாடியாக உடைந்தது. தட்டில் இருந்த தூசு முழுக்கப் பொரிந்தது. எதிர்வீட்டில் யாரோ ஜன்னலை அறைந்து சாத்தினார்கள். அக்காவுக்குப் பல் கூசியது. தம்பி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். கையை விட்டால் காதுக்குப் போய்விடும்.

ஐந்து பேரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

மேஸ்திரியின் விரல் தொடையில் தாளம் போட்டது. இன்னொருவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். பிரஸ்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தாளம் வரும் இடத்துக்கு முன்பே கையைத் தூக்கி, அது வந்ததும் இறக்கினார். மறுபடி தூக்கினார். அவர் கண்ணோரம் நனைந்தது. எத்தனையோ வருடம் கழித்து அதைக் கேட்கிறார். அக்கா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது பாட்டு" என்றார் மேஸ்திரி. கத்தித்தான் சொன்னார்.

பிரஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மச்சினன் பக்கம் திரும்பினார். முகம் பழையபடி ஆகியிருந்தது.

"முடியுதுல்ல? மனசு வச்சா முடியுதுல்ல? அன்னைக்கே இதைக் குடுத்திருந்தா உன் கடை ஈ ஓட்டுமா?"

அவன் மிச்சமிருந்த ஒயரைச் சுருட்டினான்.

"அந்த ரெண்டாவது பெட்டி மட்டம்னு உன் வாயால சொல்லு. இவங்க முன்னாடி சொல்லு. நாளைக்கே அத்தனை பேரையும் உன் கடைக்கு அனுப்புறேன்."

பாட்டு சீறிக்கொண்டிருந்தது. நான்கு பேரும் அவன் வாயையே பார்த்தார்கள். அவர்கள் எப்போதும் பேசுகிறவனின் வாயைத்தான் பார்ப்பார்கள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் அக்காவைப் பார்த்தான். அவள் இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.

"மட்டம்தான் மாமா" என்றான். உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னான்.

மேஸ்திரி எழுந்து அவன் தோளைத் தட்டினார். பையன் திருந்திவிட்டான், இத்தோடு விடு என்றார். தன் வீட்டு ரேடியோவும் கொஞ்ச நாளாக மங்கலாக இருக்கிறது, இதே மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்டார். செய்து தருகிறேன் என்றான். மற்றவர்களும் கேட்டார்கள். எல்லோருக்கும் ஆகட்டும் என்றான். பிறகு அவர்கள் நாற்காலிகளைப் பெட்டிக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். பிரஸ்காரர் ஊசியைத் தூக்கி முதலிலிருந்து வைத்தார்.

அக்கா அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். அவர் பிடரி ஈரமாக இருந்தது. ஈரத்தலையோடு உட்காரும் பழக்கம்.

"உங்க அஞ்சு பேருக்கும் காது செத்துப்போச்சு" என்றாள்.

முணுமுணுக்கவில்லை. சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடும் குரலில்தான் சொன்னாள். ஐந்து முதுகுகளும் அசையவில்லை. பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பி மட்டும் சட்டென்று நிமிர்ந்தான்.

பிரஸ்காரர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டார். திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"என்ன சொன்ன?"

அவள் ஆம்ப்ளிஃபயரைச் சுட்டிக் காட்டினாள்.

"சத்தத்தைக் கூட்டச் சொன்னேன்."

அவர் கூட்டினார்.